‘சரெண்டர்’ என்ற ஆங்கில வினையைப் பிழையில்லாமல் எழுதுவது எப்படி?

கோர்ட்டில் சரண்டர், பாலிசி சரண்டர், லீவ் சரண்டர், பாஸ்போர்ட் சரண்டர் என்று இந்த ஒரு சொல்லைத் தமிழோடு கலந்து நாம் தினமும் புழங்குகிறோம். பேசும்போது எந்தத் தடங்கலும் இல்லை. அதையே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டி வந்தால் ‘ஹி காட் சரெண்டர்ட் இன் போலீஸ்’ என்று வந்து விழுகிறது. ஐந்து சொல்லில் இரண்டு பிழை. இரண்டுமே நம் தமிழ் வாக்கியத்திலிருந்து நேராக இறங்கியவை. அவை எங்கிருந்து வருகின்றன என்று பிடித்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

ஆங்கிலத்தில் விண்ணப்பம், அலுவலகக் கடிதம், செய்தி எழுதத் தொடங்குகிறவர்களுக்கான வழிகாட்டி இது. எடுத்துக்காட்டுகளைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஒருமுறை எழுதிப் பாருங்கள். கண்ணால் மேய்ந்துவிட்டுப் போனால் கையில் நிற்காது.

முதலில் ஒலியும் எழுத்தும்

உச்சரிப்பு ச-ரென்-டர். அழுத்தம் நடு அசையில், ‘ரென்’ மேல் விழ வேண்டும். முதல் அசையை லேசாக, குறுக்கிச் சொல்ல வேண்டும். தமிழில் நாம் முதல் அசையிலேயே ஊன்றி ‘சரண்டர்’ என்கிறோம். தமிழ்ப் பேச்சுக்கு அது சரி, ஆங்கிலத்தில் பேசும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

எழுத்துக்கூட்டில் நடுவே இரண்டு ‘ஆர்’ உண்டு, கடைசியில் ஒன்றுதான். இறந்தகால வடிவத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ‘ரெஃபர்’ என்பது ‘ரெஃபர்ட்’ ஆகும்போது கடைசி ‘ஆர்’ இரட்டிக்கிறதே என்று இங்கேயும் இரட்டித்துவிடுகிறார்கள். ‘ரெஃபர்’, ‘ப்ரிஃபர்’ இரண்டிலும் அழுத்தம் கடைசி அசையில் இருக்கிறது, அதனால் இரட்டிக்கிறது. ‘சரெண்டர்’, ‘ஆஃபர்’ இவற்றில் அழுத்தம் கடைசி அசையில் இல்லை, ஆகவே இரட்டிக்காது. சொல்லைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்தால் எழுத்துக்கூட்டு தானே வந்துவிடும்.

எழுதுமுன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

யார்? எதை? யாரிடம்? இந்த மூன்றுக்கும் மனதில் விடை இல்லாமல் இந்த வினையைத் தொடாதீர்கள்.

இதன் அடிப்படைப் பொருள் இது: இதுவரை என் பிடியில் இருந்த ஒன்றை, இனி எனக்கு இல்லை என்று, அதைப் பெறும் அதிகாரமுள்ள இன்னொருவரிடம் விட்டுவிடுவது. அந்த ‘ஒன்று’ துப்பாக்கியாக இருக்கலாம், கோட்டையாக, உரிமையாக, ஆவணமாக, நம் உடலாகக்கூட இருக்கலாம். விட்ட பிறகு என் பிடி முடிந்துபோக வேண்டும் என்பதுதான் முக்கியம். நூலகப் புத்தகத்தை யாரும் ‘சரெண்டர்’ செய்வதில்லை, ‘ரிட்டர்ன்’ செய்கிறோம். அது முதலிலிருந்தே நம்முடையது இல்லை. விண்ணப்பத்தை ‘சப்மிட்’ செய்கிறோம். கொடுப்பதற்கென்றே எழுதியது அது, அதில் நாம் இழப்பது ஒன்றுமில்லை.

நமக்கு வரும் ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ‘சரண்’ என்ற சொல்லும் ‘சரண்டர்’ என்ற சொல்லும் ஒரே ஒலியில் தொடங்குவது தற்செயல். ‘சரண்’ வடமொழி வழி வந்தது, அடைக்கலம் என்று பொருள். ‘சரெண்டர்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, கொடுத்துவிடுதல் என்ற வினை அதன் வேர். ஆகவே ஆங்கிலச் சொல்லில் பாதுகாப்பு தேடிப் போகும் பொருள் இல்லை. வைணவத்தின் சரணாகதியை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘சரெண்டர் டு காட்’ என்பது நிலைத்துவிட்டது. பக்தி சார்ந்த எழுத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் போரிலிருந்து தப்பி இன்னொரு நாட்டில் தஞ்சம் புகுந்தவரை ‘சரெண்டர்ட்’ என்று எழுதினால் பொருள் தலைகீழாகிவிடும். அதற்கு ‘டுக் ரெஃப்யூஜ்’ அல்லது ‘சாட் அசைலம்’.

வாக்கிய அமைப்பு மூன்று

முதல் அமைப்பில் ‘எதை’ என்பது வராது. ‘தி டூ மென் சரெண்டர்ட்.’ அந்த இருவரும் சரணடைந்தார்கள். எதை விட்டார்கள் என்று சொல்லவில்லை என்றால் தங்களையே விட்டார்கள் என்பது பொருள்.

இரண்டாவதில் ‘எதை’ வரும். ‘ஷி சரெண்டர்ட் ஹர் பாஸ்போர்ட் டு தி கோர்ட்.’ பாஸ்போர்ட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்தார். ஜாமீன் நிபந்தனைகளில் அடிக்கடி வரும் வரி இது.

மூன்றாவது ‘ஹிம்செல்ஃப்’, ‘ஹர்செல்ஃப்’ சேர்த்து எழுதுவது. ‘ஹி சரெண்டர்ட் ஹிம்செல்ஃப் டு தி அத்தாரிட்டீஸ்.’ சட்ட ஆவணங்களிலும், ‘ஷி சரெண்டர்ட் ஹர்செல்ஃப் டு தி மியூசிக்’ போல உணர்ச்சியைச் சொல்லும் இடங்களிலும் இது பொருந்தும். அன்றாடச் செய்திக்கு முதல் அமைப்பே போதும்.

இதே வடிவம் பெயர்ச்சொல்லாகவும் வரும். 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் தளபதி நியாசி, இந்திய, வங்கதேசக் கூட்டுப் படைகளின் தளபதி ஜக்ஜித் சிங் அரோரா முன்னிலையில் கையெழுத்திட்ட ஆவணத்தின் பெயர் ‘இன்ஸ்ட்ருமென்ட் ஆஃப் சரெண்டர்’. இங்கே ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்றால் கருவி அல்ல, சட்டபூர்வமான ஆவணம். ‘சரெண்டர்மென்ட்’, ‘சரெண்டரிங்னெஸ்’ என்றெல்லாம் புதிதாக உருவாக்கத் தேவையில்லை.

‘இல்’ உருபு செய்யும் வேலை

தமிழில் ‘போலீஸில் சரணடைந்தான்’, ‘காவல் நிலையத்தில் சரணடைந்தான்’, ‘நீதிமன்றத்தில் சரணடைந்தான்’ என்று மூன்றுக்கும் ஒரே ‘இல்’தான். ஆங்கிலம் இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கிறது.

ஆளுக்கும் அதிகாரத்துக்கும் ‘டு’: ‘சரெண்டர்ட் டு தி போலீஸ்’. இடத்துக்கு ‘அட்’: ‘சரெண்டர்ட் அட் தி போலீஸ் ஸ்டேஷன்’. இரண்டையும் சேர்த்து எழுதினால் ‘சரெண்டர்ட் டு தி போலீஸ் அட் தி டவுன் ஸ்டேஷன்’. காவல் நிலையக் கட்டடத்திடம் யாரும் சரணடைவதில்லை, அதனால் ‘டு தி போலீஸ் ஸ்டேஷன்’ பிழை. ‘இன் போலீஸ்’ அதைவிடப் பெரிய பிழை.

நீதிமன்றம் மட்டும் தனி. அது இடமும்தான், அதிகாரமும்தான். அதனால் இந்தியச் செய்தித்தாள்களில் ‘சரெண்டர்ட் இன் கோர்ட்’ என்றும், நீதிபதியைக் குறிப்பிட்டால் ‘சரெண்டர்ட் பிஃபோர் தி மாஜிஸ்ட்ரேட்’ என்றும் எழுதுகிறார்கள். இரண்டும் சரி. இந்த ‘பிஃபோர்’ நேரத்தைக் குறிக்கவில்லை, முன்னிலையில் என்று பொருள். பிரிட்டனில் ஜாமீனில் இருப்பவர் குறித்த நாளில் நீதிமன்றத்துக்கு வந்து நிற்பதை ‘சரெண்டர் டு கஸ்டடி’ என்கிறார்கள், அங்கேயும் ‘டு’தான்.

போர் பற்றி எழுதும்போது வரிசை எளிது: யாரிடம், எங்கே, எப்போது. 1942இல் பிரிட்டிஷார் வசமிருந்த சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததை எழுதிப் பாருங்கள். ‘ஜெனரல் பெர்சிவல் சரெண்டர்ட் டு தி ஜாப்பனீஸ் அட் தி ஃபோர்டு ஃபேக்டரி இன் புக்கிட் தீமா ஆன் 15 ஃபெப்ருவரி 1942.’ ‘டு’, ‘அட்’, ‘இன்’, ‘ஆன்’ நான்கும் ஒரே வாக்கியத்தில் அதனதன் இடத்தில் நிற்கின்றன. இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டால் முன்னிடைச்சொல் தடுமாற்றம் பெரும்பாலும் போய்விடும்.

‘ஆனார்’ என்பதால் வரும் பெரிய பிழை

‘சரண்டர் ஆனார்’, ‘சரண்டர் ஆயிட்டான்’ என்று சொல்லிச் சொல்லி, ஆங்கிலத்திலும் ‘ஆ’வுக்கு ஈடாக ஒரு துணைவினை வேண்டும் என்று தோன்றுகிறது. அங்கிருந்துதான் ‘பிகேம் சரெண்டர்’, ‘காட் சரெண்டர்ட்’, ‘வாஸ் சரெண்டர்ட்’ எல்லாம் பிறக்கின்றன. முதல் இரண்டும் வெறும் பிழைகள். படிப்பவர் எப்படியோ புரிந்துகொள்வார். மூன்றாவது அப்படி இல்லை. அது இலக்கணப்படி சரியான வாக்கியம், ஆனால் வேறு செய்தியைச் சொல்கிறது.

‘ஹி சரெண்டர்ட் டு இந்தியா’ என்றால் அவரே வந்து சரணடைந்தார். ‘ஹி வாஸ் சரெண்டர்ட் டு இந்தியா’ என்றால் வேறொரு நாடு அவரைப் பிடித்து இந்தியாவிடம் ஒப்படைத்தது. நாடுகளுக்கிடையே குற்றவாளிகளை ஒப்படைக்கும் சட்டத்தில் இந்த இரண்டாவது பொருள் அன்றாட வழக்கு. இந்தியாவின் 1962ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டமே தப்பியோடிய குற்றவாளியின் ‘சரெண்டர்’ பற்றித்தான் பேசுகிறது. தானாக வந்தாரா, பிடித்துக் கொடுக்கப்பட்டாரா என்பது வழக்கில் எவ்வளவு பெரிய வேறுபாடு என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வேறுபாடு முழுவதும் இங்கே ஒரு ‘வாஸ்’ மேல் நிற்கிறது.

பொருளை எழுவாயாக வைத்தால் செயப்பாட்டு வினை தாராளமாக வரலாம். ‘தி ஃபோர்ட் வாஸ் சரெண்டர்ட்’, ‘தி பாலிசி வாஸ் சரெண்டர்ட் இன் 2023’ இரண்டும் சரி. மனிதர் எழுவாயாக வரும்போது மட்டும் ஒரு நொடி நின்று பாருங்கள்.

இந்திய ஆங்கிலத்தில் ‘சரெண்டர்ட் மிலிட்டன்ட்ஸ்’ என்று பெயரடையாகவும் எழுதுகிறார்கள். ஆயுதத்தைப் போட்டுவிட்டு வந்தவர்கள் என்று பொருள். இங்கே அது நிலைத்த வழக்கு, தயங்க வேண்டாம்.

அலுவலகத்தில் புழங்கும் இடங்கள்

காப்பீட்டில்தான் பொதுமக்கள் இந்தச் சொல்லை அதிகம் சந்திக்கிறார்கள். முதிர்வுக்கு முன்பே பாலிசியை நாமாக முடித்துக்கொண்டு, சேர வேண்டிய தொகையை வாங்கிக்கொள்வது ‘சரெண்டர்’. கிடைக்கும் தொகை ‘சரெண்டர் வேல்யூ’. கடிதத்தில் இப்படி எழுதலாம்: ‘ஐ விஷ் டு சரெண்டர் மை பாலிசி அண்ட் ரிக்வெஸ்ட் யூ டு கிரெடிட் தி சரெண்டர் வேல்யூ டு மை பேங்க் அக்கவுண்ட்.’ பாலிசி எண்ணைத் தலைப்பிலேயே போடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல், ஓராண்டு பிரீமியம் முழுதாகக் கட்டிய ஆயுள் காப்பீட்டுச் சேமிப்புப் பாலிசிக்கு முதல் ஆண்டு முடிந்ததுமே சிறப்பு ‘சரெண்டர் வேல்யூ’ உண்டு.

இதோடு கலந்துவிடக் கூடாத சொல் ‘லாப்ஸ்’. பிரீமியம் கட்டாமல், சலுகை நாட்களும் கடந்துபோனால் ‘தி பாலிசி லாப்ஸ்ட்’. மாதத் தவணைக்குச் சலுகை 15 நாள், ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்கு 30 நாள். ‘லாப்ஸ்’ ஆனது நம் கவனக்குறைவால் நடந்தது, குறித்த காலத்துக்குள் பாக்கியைக் கட்டி அதை உயிர்ப்பிக்கலாம். ‘சரெண்டர்’ நாமே எடுத்த முடிவு. காலாவதியான பாலிசியை உயிர்ப்பிக்க எழுதும் கடிதத்தில் ‘ஐ சரெண்டர்ட் மை பாலிசி’ என்று எழுதினால் கிளையில் இருப்பவர் வேறு படிவத்தை எடுத்து நீட்டுவார்.

அரசு நிதியிலும் இதே ஜோடி உண்டு. செலவாகாத ஒதுக்கீட்டைத் துறை மார்ச் 31க்கு முன் நிதித்துறையிடம் திருப்பிவிட்டால் ‘தி டிபார்ட்மென்ட் சரெண்டர்ட் தி அன்ஸ்பென்ட் அமவுண்ட்’. திருப்பாமல் நாள் கடந்தால் ‘தி கிராண்ட் லாப்ஸ்ட்’. தணிக்கை அறிக்கை படிப்பவர்களுக்கு இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஈட்டிய விடுப்பு சரணுக்கு வழக்கமான வரி: ‘ஐ ரிக்வெஸ்ட் பெர்மிஷன் டு சரெண்டர் 15 டேஸ் ஆஃப் ஏர்ன்ட் லீவ்.’ ஆண்டுக்கு 15 நாள் வரை என்பது அந்தத் திட்டம். விடுப்பு உரிமையை விட்டுக்கொடுத்துச் சம்பளம் வாங்குவதால் இந்த வினை இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது. தனியார் நிறுவனத்திலும் வெளிநாட்டிலும் ‘என்கேஷ்’ என்றால்தான் உடனே புரியும்.

வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற இந்தியர் தன் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்று ‘சரெண்டர் சர்டிஃபிகேட்’. குடியுரிமையைத் துறப்பது என்று தனியாகச் சொல்ல நேர்ந்தால் அதற்கு ‘ரினவுன்ஸ்’. சுருக்கமாக, தாளை ‘சரெண்டர்’ செய்கிறோம், உரிமையை ‘ரினவுன்ஸ்’ செய்கிறோம். வாடகைக்கோ குத்தகைக்கோ எடுத்த இடத்தைக் காலத்துக்கு முன்பே உரிமையாளரிடம் விட்டுவிடுவதும் ‘சரெண்டர்’தான், 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம் அதே சொல்லைப் பயன்படுத்துகிறது. பொறியியல் கலந்தாய்வு நாட்களில், தனியார் கல்லூரிகள் தங்கள் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களை அரசுக்கு விட்டுத்தருவதைச் செய்திகளில் ‘சரெண்டர்ட் சீட்ஸ்’ என்று பார்த்திருப்பீர்கள்.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

பணிந்துபோவதைச் சொல்ல ஆங்கிலத்தில் பத்துக்கு மேல் வினைகள் உண்டு. எல்லா இடத்திலும் ‘சரெண்டர்’ போட்டால் எழுத்து தேவையில்லாமல் கனத்துவிடும்.

பிள்ளையின் அடத்துக்கு இசைவதும், தொழிலாளர் கோரிக்கைக்கு நிர்வாகம் இறங்கிவருவதும் ‘கிவ் இன்’. ‘தி மேனேஜ்மென்ட் கேவ் இன் டு தி வொர்க்கர்ஸ் டிமாண்ட்ஸ்.’ இதே இடத்தில் ‘சரெண்டர்ட்’ என்று எழுதினால், நிர்வாகம் முதுகெலும்பில்லாமல் நடந்துகொண்டது என்று நீங்கள் குற்றம் சாட்டுவதாகப் படிக்கப்படும். தலையங்கத்தில் அது உங்கள் கருத்து. செய்தியில் அப்படி எழுதக் கூடாது.

‘கிவ் அப்’ முயற்சியைக் கைவிடுவது. ஆனால் ‘கேவ் ஹிம்செல்ஃப் அப் டு தி போலீஸ்’ என்றால் போலீஸிடம் சரணடைந்தான். பேச்சில் ‘சரெண்டர்’ என்பதைவிட இது இயல்பாக இருக்கும்.

‘யீல்ட்’ வழிவிடுவது. அமெரிக்கச் சாலைகளில் தலைகீழ் முக்கோணப் பலகையில் இந்தச் சொல் எழுதியிருக்கும், இந்தியாவிலும் பிரிட்டனிலும் அதே பலகைக்கு ‘கிவ் வே’ என்று பெயர். ‘யீல்ட்’ என்றால் விளைச்சல் தருவதும்தான், ஆகவே வேளாண்மைச் செய்தியில் ‘தி ஃபார்மர்ஸ் யீல்டட்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். விவசாயிகள் பணிந்தார்களா, விளைவித்தார்களா என்று படிப்பவர் ஒரு கணம் திணறுவார்.

‘சக்கம்’ தாங்க முடியாமல் விழுவது. ‘சக்கம்ட் டு ஹிஸ் இன்ஜுரீஸ்’, காயங்களால் இறந்தார். வெறும் ‘ஹி சக்கம்ட்’ என்று நிறுத்திவிட்டால் எதற்கு என்ற கேள்வி தொங்கும். ‘கன்சீட்’ தோல்வியையோ எதிராளியின் வாதத்தையோ ஒப்புக்கொள்வது. கால்பந்தில் கோல் வாங்குவதற்கும் அதுதான்.

‘சீட்’ என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். விதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் அதே உச்சரிப்பு, எழுத்து வேறு. ஓர் அரசு இன்னொரு அரசுக்கு நிலப்பரப்பை விட்டுக்கொடுப்பது என்று பொருள். இதற்கும் ‘சரெண்டர்’ என்பதற்கும் உள்ள உறவைக் காட்ட 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. திப்பு சுல்தான் தன் நாட்டில் ஏறக்குறையப் பாதியை இழந்தார். திண்டுக்கல்லும் சேலம் பக்கத்துப் பாராமகாலும் அப்படித்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயின. தன் மகன்கள் இருவரையும் பிணையாகக் கொடுத்தார். ஆங்கிலத்தில்: ‘டிப்பு சீடட் ஹாஃப் ஹிஸ் டெரிட்டரி அண்ட் சரெண்டர்ட் டூ ஆஃப் ஹிஸ் சன்ஸ் ஆஸ் ஹாஸ்டேஜஸ்.’ நிலத்துக்கு ஒரு வினை, பிள்ளைகளுக்கு ஒரு வினை. இடம் மாற்றிப் போட்டால் வாக்கியம் நொண்டும், பிள்ளைகளை ‘சீட்’ செய்ய முடியாது.

‘சீட்’ எவ்வளவு கூர்மையான சொல் என்பதற்குக் கச்சத்தீவும் சாட்சி. 1974 உடன்படிக்கையால் தீவு இலங்கைக்குத் தாரைவார்க்கப்பட்டது என்று சொல்பவர்கள் ஆங்கிலத்தில் ‘சீடட்’ என்று எழுதுகிறார்கள். எல்லை வகுக்கப்படாத பகுதியில் எல்லை வகுத்தோம், எதையும் ‘சீட்’ செய்யவில்லை என்பது மத்திய அரசு தந்த விளக்கம். இது குறித்துச் செய்தி எழுதுபவர், யாருடைய வாதத்தைச் சொல்கிறோம் என்று தெரிந்துதான் இந்த வினையைப் போட வேண்டும்.

எழுதிப் பழக ஐந்து வரிகள்

கீழே உள்ள தமிழ் வரிகளை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள்.

‘தேடப்பட்டுவந்தவர் நேற்று நீதிபதி முன் சரணடைந்தார்.’ விடை: ‘தி வான்டட் மேன் சரெண்டர்ட் பிஃபோர் தி மாஜிஸ்ட்ரேட் யெஸ்டர்டே.’ ‘வாஸ்’ வந்திருந்தால் அடித்துவிடுங்கள்.

‘மூன்று ஆண்டு கட்டிவிட்டு அம்மா பாலிசியை முடித்துக்கொண்டார்.’ விடை: ‘மை மதர் சரெண்டர்ட் ஹர் பாலிசி ஆஃப்டர் பேயிங் ப்ரீமியம்ஸ் ஃபார் த்ரீ இயர்ஸ்.’

‘வேலையை விடும்போது அடையாள அட்டையை ஒப்படைக்க வேண்டும்.’ விடை: ‘எம்ப்ளாயீஸ் மஸ்ட் சரெண்டர் தேர் ஐடி கார்ட்ஸ் ஆன் லீவிங்.’ நிறுவன விதியாக எழுதும்போது இது சரி. சக ஊழியருக்கு மின்னஞ்சல் என்றால் ‘ஹேண்ட் இன்’ போதும்.

‘கடைசியில் அப்பா இறங்கிவந்து என்னைச் சென்னைக்கு அனுப்பினார்.’ இங்கே ‘சரெண்டர்’ வரவே கூடாது. ‘மை ஃபாதர் ஃபைனலி கேவ் இன் அண்ட் செண்ட் மி டு சென்னை.’

‘அந்த நாடு அவரை இந்தியாவிடம் ஒப்படைத்தது.’ இரண்டு விதமாக எழுதலாம். ‘தட் கன்ட்ரி சரெண்டர்ட் ஹிம் டு இந்தியா’, அல்லது ‘ஹி வாஸ் சரெண்டர்ட் டு இந்தியா பை தட் கன்ட்ரி’. மனிதர் எழுவாயாக நிற்க ‘வாஸ்’ சரியாக வந்து பொருந்துவது இந்த ஐந்தில் இங்கே மட்டும்தான்.